பாரம் இறங்காத ஏணை

வெறும் ஏணை தொங்குவதற்கென்று ஒரு விதம் உண்டு. பிள்ளையைத் தூக்கியெடுத்த கையோடு தொட்டில்சேலையின் இரண்டு கரையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிழிந்து கொடியில் போட்ட துணி மாதிரி, உள்ளே காற்றுக்கும் இடம் வைக்காமல் மெலிந்து நிற்கும். அன்று பின்னேரம் ஜனார்த்தனன் கடையைப் பூட்டிவிட்டு, மழைக்கோட்டில் நீர் சொட்டச் சொட்ட விறாந்தையில் ஏறியபோது, அறை வாசலுக்குள்ளால் தெரிந்த ஏணை அப்படித் தொங்கவில்லை. அதன் அடிவயிறு கனத்திருந்தது. கரைகள் இரண்டும் விலகி நின்றன.

பிள்ளை நித்திரையாக்கும் என்று நினைத்து, செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி, குதிக்காலை உயர்த்திக் குசினிக்கு நடந்தான். மனைவி நிரோஜா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பிள்ளை அவளுக்குப் பக்கத்தில் பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"ஏணைக்குள்ள என்னத்தை வைச்சனீர்?"

"ஒண்டும் வைக்கேல்லை. ஏனப்பா?"

"சும்மா கேட்டனான்."

திரும்பி வந்து பார்த்தபோது ஏணை மெலிந்து, ஒழுங்காகத் தொங்கியது. அல்லது அப்படித் தெரிந்தது. மழை இருட்டு. பதில் பிடிக்காத இடத்தில் கேள்வியை மடித்து வைத்துவிடுவது கடைக்காரன் பழக்கம். அவனும் மடித்து வைத்தான்.

புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பக்கத்தில் ஆணி, தகரம், பைப், கயிறு விற்கிற கடை அவனுடையது. தகப்பன் காலத்திலிருந்து பேரம் பேசியே வளர்ந்த குடும்பம். கோயிலில் கும்பிடும்போதுகூட முதலில் கேட்பதைக் கூட்டிக் கேட்டு, பிறகு சாமி கொஞ்சம் குறைத்துக்கொள்ள இடம் விடுவான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு சதமும் வராத பொழுதுபோக்கு ஒன்று வாய்த்திருந்தது. கயிறு கட்டி மரம் ஏறுகிற கூட்டத்தில் அவனும் ஒருவன்.

கனடாவில் மரம் தறிக்கிற வேலை பார்க்கும் ஒருவன் லீவில் வந்தபோது பழக்கிவிட்டுப் போன பைத்தியம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் சேர்ந்து, குளக்கட்டு மருதிலோ காட்டோரப் பாலை மரத்திலோ கயிறெறிந்து, இடுப்பில் வார் பூட்டி உச்சிக்கு ஏறுவார்கள். கொஞ்ச நேரம் இருந்து பார்ப்பார்கள். இறங்குவார்கள். தேனுக்கும் இல்லை, விறகுக்கும் இல்லை என்று தெரிந்தபிறகு ஊர் அவர்களை விசாரிப்பதை விட்டுவிட்டது. இந்த மண்ணில் மரத்துக்கடியில் ஒளிந்த சனம் உண்டு, மரத்தோடு சேர்ந்து எரிந்த சனம் உண்டு. பொழுதுபோகாமல் மரத்தில் ஏறிய சனத்தை ஊர் இப்போதுதான் பார்க்கிறது.

உண்மையில் ஜனார்த்தனனுக்கு உயரம் என்றால் பயம். அவனைப் பிடித்தது கயிறுதான். முடிச்சுப் போட்டால் முடிச்சு கயிற்றின் பலத்தைத் தின்றுவிடும். அதற்குப் பதிலாக, நுனியில் மூன்று புரியையும் பிரித்து, ஒவ்வொன்றையும் கயிற்றின் உடம்புக்குள்ளேயே மேலும் கீழுமாகக் கொடுத்துப் பின்னிவிட்டால், கயிறு தன் வாலைத் தானே விழுங்கிய பாம்பு மாதிரி ஆகிவிடும். முடிச்சும் இல்லை, நுனியும் இல்லை. இரண்டு கயிற்றையும் அப்படி ஒரு கயிறாக்கலாம். வீரை மரக் கம்பில் சீவியெடுத்த கூரான ஊசி ஒன்றுதான் அவனுடைய ஆயுதம். கடையில் ஆள் வராத நேரங்களில் பின்னிக்கொண்டே இருப்பான். அந்தப் பின்னலின் குணம் விசித்திரமானது. பாரம் ஏற ஏற இறுகும். எத்தனை யானை இழுத்தாலும் கழலாது. பாரத்தை முழுதாக இறக்கினால் மட்டும் புரிகள் நெகிழும். அப்போது ஒவ்வொன்றாக உருவிக் கழற்றலாம்.

கூட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது: பின்னினவன்தான் முதலில் தொங்கவேண்டும்.

மகள் பிறந்தபோது ஏணைக்குக் கயிறு வேண்டியிருந்தது. கனடாக்காரன் விட்டுப்போன வெள்ளைக் கயிற்றில் ஒரு துண்டு மிச்சம் கிடந்தது. பூப்போல மிருது; ஆனால் கூரையின் குறுக்குமரமான தீராந்தியிலிருந்து கீழே எட்டவில்லை. கடையிலோ சுருள் சுருளாகக் கயிறு தொங்கியது. ஆனால், விற்கிற கயிற்றின் தரம் விற்கிறவனுக்குத்தானே தெரியும்.

அந்த நாட்களில்தான், விசுவமடுவுக்கு அங்காலை, சண்டையின் கடைசிக் காலத்தில் சனம் நடந்துபோன பாதையோரத்துப் புளியமரத்தில் ஏறப் போனார்கள். அடிக்கிளையில் ஒரு பச்சை நைலோன் கயிறு தொங்கியது. சுற்றிய இடத்தை மரப்பட்டை பாதி மூடி வளர்ந்திருந்தது. அன்று நல்ல சோளகக் காற்று. கொப்பெல்லாம் ஆடியது, இலை பறந்தது. அந்தக் கயிறு ஆடவில்லை. கீழே ஒன்றும் கட்டியிராமலே, தூக்குக்குண்டு கட்டிய நூல் மாதிரி நேராக நின்றது.

ஜனார்த்தனன் நகத்தால் கிள்ளிப் பார்த்தான். இத்தனை வருட வெயிலுக்கு நைலோன் பொடியாகியிருக்க வேண்டும். இது பிள்ளையின் காதுமடல் மாதிரி மெத்தென்றிருந்தது.

"அதை விடு மச்சான்," என்றான் தர்ஷன். விசுவமடுவில் ஆட்டோ ஓடுகிறவன். கூட்டத்தில் நல்லாக ஏறுகிறவனும் அவன்தான். "ஏணை கட்டின கயிறு போல கிடக்கு."

"இருக்கட்டுமன்."

"ஆரின்ரையோ பிள்ளைக்குக் கட்டினது."

"அந்தப் பிள்ளை இப்ப மீசை வைச்சுக்கொண்டு லண்டனில நிக்கும். கயிறைத் தா எண்டு வந்து நிக்கவே போகுது?"

தர்ஷன் சிரிக்கவில்லை. "எல்லாப் பிள்ளையும் லண்டனுக்குப் போகேல்லை," என்றான்.

சும்மா கிடைக்கிற சரக்கை விட்டுவிட்டு வருவதற்கு ஜனார்த்தனனின் இரத்தத்தில் இடமில்லை. பட்டைக்குள் புதைந்த இடத்தில் கத்தியால் அறுத்தான். அறுந்ததும் மற்றக் கையில் ஏந்தினான். ஏந்திய கை ஒருதரம் சடக்கென்று பதிந்தது, யாரோ ஒருவர் நினைத்ததைவிடப் பாரமான ஒன்றைத் தந்துவிட்ட மாதிரி. வீடு வரும்வரை பை தோளை அறுத்தது. கயிறு ஈரத்தில் ஊறிக் கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மழை பெய்து கனநாளாகியிருந்தது.

வெள்ளையையும் பச்சையையும் சேர்த்துப் பின்னிய அந்தப் பின்னல் அவன் வாழ்நாளிலேயே நல்ல பின்னல். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தடவிப் பார்த்தும் சொல்லமுடியாது. சட்டப்படி முதலில் அவனே தொங்கிப் பார்த்தான். தீராந்தி முனகியது. இரண்டு பேரைத் தாங்குவது மாதிரி முனகியது.

"இது யானைக்குட்டியைக் கிடத்தினாலும் தாங்கும்," என்றான் மனைவியிடம்.

"எனக்கு யானைக்குட்டி இல்லையப்பா, பெட்டைக்குட்டிதான்," என்றாள் அவள்.

யதுர்ஷிகா என்று பெயர் வைத்து ஏணையில் போட்ட நாளிலிருந்து பிள்ளை அருமையாக நித்திரை கொண்டது. அழவில்லை. ஆட்டவும் தேவையில்லை. வந்துபோன பெண்களெல்லாம் கண்படப் போகிறது என்று சொல்லிச் சொல்லியே கண்வைத்துவிட்டுப் போனார்கள். ஜனார்த்தனன் பெருமையெல்லாம் கயிற்றுக்கே என்று எடுத்துக்கொண்டான்.

பிறகு மழை தொடங்கியது. அதோடுதான் ஏணைக்கு அந்தக் கனத்த வயிறு.

அடுத்தடுத்த நாட்களில் நிரோஜாதான் முதலில் கண்டாள். நடுவில் கிடத்திய பிள்ளை எழும்பும்போது ஒரு பக்கக் கரையோடு ஒட்டிக்கிடந்தது. முகம் சேலைக்குள் புதைந்து, கன்னத்தில் நூல் நூலாகச் சேலையின் நெசவு பதிந்திருந்தது.

"நான் நடுவிலதான் வளத்தினனான்," என்றாள். "இவள் இன்னும் உடம்பு பிரட்டவும் இல்லை. எப்பிடியப்பா ஒதுங்கினவள்?"

"நீர் சரிச்சுப் போட்டிருப்பீர்."

"ஓம், எல்லாம் நான்தான். உங்கடை கயிறு கோணலெண்டு சொல்ல உங்கடை வாய் வராது."

ஏணை கோணலாக இல்லை. ஏணி வைத்து ஏறி அளந்தே பார்த்தான். கயிற்றின் இரண்டு பக்கமும் ஒரே நீளம். கீழே இறங்கியபோது அவனுக்கு ஒரு பழைய நினைவு வந்தது. இடம்பெயர்ந்திருந்த கொட்டிலில், ஏணை கட்ட இடமில்லாமல் இரண்டு குடும்பம் ஒரே ஏணையில் பிள்ளைகளைக் கிடத்தும். பெரிய பிள்ளை நடுவில் போய்க் குழியில் விழும். சின்னது கரைக்கு ஒதுங்கும். இப்படித்தான் கன்னத்தில் நெசவு பதியும்.

அந்த நினைவையும் மடித்து வைக்கப் பார்த்தான். அது மடியவில்லை.

மற்றநாள் நிரோஜா அலறிய சத்தம் கேட்டு ஓடினான். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. பிறகு பிள்ளை அழுதது. அழுகையைக் கேட்டு அவர்கள் அவ்வளவு சந்தோசப்பட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து பிள்ளைக்குக் கட்டில்தான். ஏணை வெறுமனே தொங்கியது.

வெறுமனே. ஜன்னலால் மழைக்காற்று அடிக்கும்போது கலண்டர் பறந்தது, திரைச்சீலை பறந்தது, கொடியில் கிடந்த சட்டைகள் கைவீசின. ஏணை மட்டும் அசையவில்லை. பின்னேரமானால் தீராந்தியிலிருந்து ஒரு சத்தம் வரும். மரமும் கயிறும் பல்லைக் கடிப்பதுபோல். நிலத்தில் மரத்தூள் கொட்டிக் கிடக்கும். நிரோஜா கூட்டி அள்ளுவாள். உளு அரிக்குது என்றாள். புளித்த பால் மணம் ஒன்றும் இருந்தது. பிள்ளை இருக்கிற வீட்டில் பால்மணம் இல்லாமல் என்ன மணம் இருக்கும் என்று அவன் தனக்கே நியாயம் சொன்னான். ஆனால் பால்மணத்துக்கு அடியில் நனைந்த மண் மணத்தது. பதுங்குகுழிக்குள் மணக்கிற மண்.

ஒருநாள் போகிற போக்கில் ஏணையைக் கையால் தள்ளினான். போனது. திரும்பி வந்து, கனமாக, அவன் முழங்காலில் இடித்தது.

"வெறும் ஏணையை ஆட்டாதேங்கோ," என்றாள் நிரோஜா அடுத்த அறையிலிருந்து. "பிள்ளைக்கு வயித்துக்குத்து வரும்."

அவன் அதைக் கையால் பிடித்து நிறுத்தினான். சேலைக்கு இந்தப் பக்கம் அவன் உள்ளங்கை. அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று, உள்ளங்கையளவு உருண்டையாக, சூடாக, அதில் சாய்ந்துகொண்டது.

தர்ஷனுக்குப் போன் எடுத்தபோது கடையில்தான் நின்றான். வீட்டில் நின்று எடுக்கத் துணிவில்லை.

"மச்சான், அந்தக் கயிறு."

மறுமுனையில் ஆட்டோவை ஓரங்கட்டி நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"திருப்பிக் கொண்டுபோய்க் கட்டு," என்றான் தர்ஷன். என்ன நடந்தது என்று அவன் கேட்கவே இல்லை. "நாங்கள் எல்லாரும் அந்த மரத்தைக் கண்டனாங்கள்தானே. ஆரும் தொட்டதோ? நீ ஒருத்தன்தான் கையால ஏந்தினனீ."

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியாமல் இல்லை. சும்மா கிடைச்சதெண்டு எடுத்தனீ."

அன்று வேளைக்கே கடையைப் பூட்டினான். வீட்டுக்கு வந்தபோது பொழுது கருகிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. மழை. குசினிக் கூரை தகரம் என்பதால் அங்கே யாராவது கத்தினாலும் இங்கே கேட்காது. இங்கே கத்தினாலும் அங்கே கேட்காது. நிரோஜா பிள்ளையோடு கட்டிலறையில் இருந்தாள். "ஆரப்பா?" என்றாள். "நான்தான்," என்றான். கத்தியை எடுத்துக்கொண்டு ஏணை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

பச்சைக் கயிற்றை அறுத்துக் கழற்றி, பையில் போட்டு, இன்றைக்கே புளியடிக்கு. அவ்வளவுதான்.

கத்தியைக் கயிற்றில் வைத்து ஒரு இழை அறுத்தான். அடுத்த அறையில் பிள்ளை வீரிட்டது. அழுகை இல்லை, மேலிருந்து கைவிட்டுவிட்டால் பிள்ளைகள் இரண்டு கையையும் விரித்து மூச்சை உள்ளே இழுக்குமே, அந்தச் சத்தம்.

கத்தியை எடுத்தான். சத்தம் நின்றது.

வெள்ளைப் பக்கத்தில் வைத்து அறுத்துப் பார்த்தான். மறுபடியும் அதே மூச்சு. இந்தமுறை நிரோஜாவின் குரலும் வந்தது. "என்னம்மா, என்ன செய்யுது என்ரை குஞ்சுக்கு?"

கத்தியை நிலத்தில் வைத்தான். வெள்ளையில் மகள் கிடந்தாள். பச்சையில் எது கிடந்ததோ அது கிடந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சில்லாமல், நுனியில்லாமல், எங்கே ஒன்று முடிகிறது என்று தெரியாமல் பின்னியது யார்? அவன் வாழ்நாளின் நல்ல பின்னல்.

அறுக்கக்கூடாது. கழற்றவேண்டும். பின்னியபடியே, தலைகீழாக, புரி புரியாக.

வீரை ஊசியை எடுத்துப் புரிக்கடியில் குத்தினான். போகவில்லை. இரும்புக் கம்பியில் குத்துவது மாதிரி வழுக்கியது. கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தான். வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்தது. அவ்வளவு பாரம். தீராந்தி பல்லைக் கடித்தது. தலையில் மரத்தூள் விழுந்தது.

பாரம் இறங்கவேண்டும். முழுதாக.

அவன் ஏணைக்குள் பார்க்கவில்லை. பார்க்காமலே இரண்டு கையையும் உள்ளே விட்டான். சேலை சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது. வலது கை தேடிக்கொண்டு போனது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பிடரி. சின்னப் பிடரி. வியர்வையில் ஒட்டிய பூனை மயிர். கை தெரிந்ததுபோல் அதற்கடியில் போய் நின்றுகொண்டது. தகப்பனான கைக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

தூக்கினான்.

தீராந்தி மூச்சு விட்டது. கயிறு நெகிழ்ந்தது. சேலையின் இரண்டு கரையும் மெதுவாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வெறும் ஏணை எப்படித் தொங்கவேண்டுமோ அப்படித் தொங்கியது. பின்னல் அவன் கண்ணுக்கு நேரே, புரி புரியாக இளகிச் சிரித்துக்கொண்டிருந்தது.

கையில் ஒன்றும் தெரியவில்லை. முழங்கைவரை பாரம். சட்டையின் இரண்டாவது பொத்தான் இழுபட்டது. சின்ன விரல்கள் பிடித்து இழுக்கிற மாதிரி.

அப்போதுதான் புரிந்தது. கழற்ற இரண்டு கை வேண்டும். தூக்கி வைத்திருக்கவும் இரண்டு கை வேண்டும். ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்றுவிட்ட வியாபாரி மாதிரி நின்றான். கீழே வைக்க இடம் தேடினான். நிலத்தில் வைக்கக் குனிந்தான். தெறி தெறித்துப் போனது. பிடி கழுத்துக்கு ஏறியது. இறக்க இறக்க இறுகியது. நிமிர்ந்தான்.

கதவு திறந்தது.

"என்னப்பா இருட்டுக்க செய்யிறியள்? அடுப்பில பால் பொங்கப்போகுது. இவளை ஒருக்காப் பிடியுங்கோ."

"நில்லும்," என்றான். "நிரோ, நில்லும். கை..."

"கையைச் சும்மாதானே வளைச்சு வைச்சுக்கொண்டு நிக்கிறியள்."

வளைத்த கையில் பிள்ளையை வைத்தாள். தகரத்தில் மழை கொட்டுகிற திசைக்கு ஓடினாள்.

பிள்ளை அவன் கையில் படவில்லை. கைக்கு ஒரு சாண் மேலே கிடந்தது. எதன் மேலோ.

"நிரோ."

மழை.

யதுர்ஷிகா அவனைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. அவளுடைய தலை மெல்லத் திரும்பியது. திருப்பப்பட்டது. கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. இன்னொரு கன்னம் வந்து ஒட்டியது மாதிரி. சின்னது ஒதுங்கும். ஒதுங்குவதற்குக் கரை இல்லை.

இடது கையை உருவப் பார்த்தான். மகளின் உடம்பு விலுக்கென்று விரிந்தது. அந்த மூச்சு. நிறுத்தினான்.

"நிரோஜா."

தகரம். மழை.

மகளின் மூக்கு, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கன்னத்தில் அழுந்தி, மெல்ல மெல்லத் தட்டையாகிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கையாலும் இருவரையும் ஏந்திக்கொண்டு நின்றான். தலைக்கு மேலே, பின்னல் இளகிய கயிறு, பாரம் எதுவும் இல்லாமல், முதல்முறையாகக் காற்றில் ஆடத் தொடங்கியிருந்தது.